பிளாட்பாரம், காப்பகம், மூன்று பேர் வீடு: அடுத்து தனி ரூமுக்குப் போகலாமா?

1. பாரிமுனை_பழசு

வணக்கம். இந்தக் களத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான பகுதியில் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

எனக்கு வயது 49. ராயப்பேட்டையில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் 19 வருடம் பைண்டிங்கில் இருந்தேன். பிரஸ்ஸை மூடினார்கள். அதற்கப்புறம் வாடகை பாக்கி, குடி, வீட்டில் சண்டை எல்லாம் வந்தது. எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று இப்போது எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்றரை வருடம் பாரிமுனை, சென்ட்ரல் பக்கம் படுத்திருந்தேன். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நாலு. முகூர்த்த நாட்களில் பூக்கடைப் பக்கம் வேன் வரும், பந்தி பரிமாற ஆள் ஏற்றிக்கொண்டு போவார்கள். கல்யாண மண்டபத்தில் அவர்கள் தரும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆயிரம் பேருக்குப் பாயசம் ஊற்றுவேன். ராத்திரி 1 மணிக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து அட்டை விரித்துப் படுப்பேன்.

பிறகு 7 மாதம் மாநகராட்சியின் வீடற்றோர் காப்பகம். அங்கிருந்து ஒரு தொண்டு நிறுவனம் அம்பத்தூர் தாண்டி ஒரு வாடகை வீட்டில் எங்கள் மூன்று பேரைச் சேர்த்துக் குடிவைத்தது. வாடகை 9,000. ஆளுக்கு 1,500 நாங்கள் தருகிறோம், மீதி அவர்கள். வாரம் இரண்டு நாள் அவர்கள் ஆள் ஒருவர் வந்து பார்ப்பார். நாங்கள் சார் என்போம், அவர் அண்ணன் என்று கூப்பிடச் சொல்வார், எங்களுக்கு வாயில் வராது. அவரை விட நான் 15 வயது பெரியவன்! இப்போது 11 மாதம் ஆகிவிட்டது. ஒரு நோட்டுப்புத்தக யூனிட்டில் திரும்பவும் பைண்டிங் வேலை, மாதம் 14,000.

தை பிறந்ததும் தனி ரூம் பார்க்கலாம் என்கிறார் சார். விஷயம் அதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் பயம் என்றால், இந்த வீட்டுக்கு வந்த புதிதில் 40 நாள் நான் கட்டிலில் படுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தரையில், செருப்பைத் தலைக்கடியில் வைத்துத்தான் படுத்தேன். பிளாட்பாரத்தில் செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் காலையில் இருக்காது. லுங்கியில் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே வாசலில் செருப்பு ஸ்டாண்ட் இருக்கிறது, ஆனாலும் கை கேட்கவில்லை. ஒருநாள் கூட இருக்கும் பெரியவர் என் செருப்பை எடுத்து அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் ரேடியோ போட்டார். அன்றைக்குத்தான் கட்டிலில் படுத்தேன். தனி ரூமில் அதை எடுத்து வைக்க யார் இருக்கிறார்கள்?

இப்படி இருந்துவிட்டுத் தனியாகப் போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2. மாடிப்போர்ஷன்

வில்லிவாக்கத்தில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஓனர் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டுமே என்று எழுதுகிறேன், குத்திக்காட்டுவதாக நினைக்காதீர்கள்.

உங்களை மாதிரி ஒருவர் வந்து கேட்டால் கொடுப்பேனா? உண்மையைச் சொன்னால், யோசிப்பேன். திருடிவிடுவார் என்ற பயமெல்லாம் கிடையாது. திருட என்ன இருக்கிறது என் வீட்டில். ஆள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தால் யாரைக் கூப்பிடுவது? திரும்பக் குடிக்க ஆரம்பித்தால் யாரிடம் சொல்வது? ஏற்கெனவே ஒரு தடவை ஒரு பேச்சிலரால் பட்டிருக்கிறேன், கடைசி நாலு மாத வாடகை போனது. எங்கள் தெருவில் பாதி வீட்டில் குடும்பத்துக்கு மட்டும்தான் விடுகிறார்கள். அப்புறம் அட்வான்ஸ். இந்தப் பக்கம் பத்து மாதம் கேட்பது சாதாரணம். 5,000 ரூபாய் ரூமுக்கு 50,000 ஆகிவிடும். அதற்கு வழி இருக்கிறதா?

3. வக்கீல்_குமாஸ்தா

மாடிப்போர்ஷன் சார், பத்து மாதம் என்பது ஊர் வழக்கம், சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் 2017-ல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். யார் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பழசு அண்ணா, சட்டத்தைக் காட்டி யாரும் ரூம் வாங்கிவிட முடியாது, 'வேற ஆள் வந்துட்டாங்க' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த நிறுவனமே கூட வந்து பேசினால் மூன்று மாதத்துக்கு இறக்கலாம். ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் எடுத்துவிட்டீர்களா?

4. பாரிமுனை_பழசு

ஆதார் காப்பகத்தில் இருக்கும்போதே சரி செய்தார்கள். பழைய அட்டை மழையில் போய்விட்டது, நம்பரும் ஞாபகம் இல்லை. பொறுப்பாளர் ஒரு படிவத்தில் போட்டோ ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், காப்பக முகவரியே என் முகவரி ஆனது. கதவு எண்ணோடு என் பெயரைப் பார்த்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. இப்போதைய வீட்டுக்கு இன்னும் மாற்றவில்லை. மாற்றினால் திரும்ப மாற்ற வேண்டி வருமே என்று தள்ளிப்போடுகிறேன்.

5. வக்கீல்_குமாஸ்தா

தள்ளிப்போடாதீர்கள். மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதாருக்கு முகவரிச் சான்றாக ஏற்பார்கள், ஆனால் அது 3 மாதம்தான் செல்லும். வாங்கி மடித்து வைத்துவிட்டால் வீண். வாக்காளர் பட்டியலுக்கு வீடே தேவையில்லை. படிவம் 6-ல் எங்கே படுக்கிறோமோ அதை எழுதலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் ஒரு தடவைக்கு மேல் வந்து ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணைய விதி.

6. நேர்பட_பேசு

எல்லோருக்கும் இப்படிப் பாதி வாடகை கொடுத்து வீடு பிடித்துத் தந்தால் வேலைக்குப் போகிறவன் எல்லாம் முட்டாளா? உழைக்கிறவன் எவனும் ரோட்டில் கிடக்க மாட்டான்.

7. பாரிமுனை_பழசு

உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பாயசம் பரிமாறியவரிடம் ராத்திரி எங்கே போய்ப் படுப்பீர்கள் என்று அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள் தம்பி.

8. சாவிக்கொத்து

நான் இந்த வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன், ஆனால் பெண்கள் வீடுகளில். எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை.

முதலில் இந்த மாதிரி வீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு. 2010-ல் உச்ச நீதிமன்றம் பெரிய நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. பிறகு மத்திய அரசின் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தில் அதற்கு விதிமுறையும் வந்தது, ஆளுக்கு 50 சதுர அடி என்று. நல்லதுதான். மழையிலிருந்தும் போலீஸ் தடியிலிருந்தும் அது காப்பாற்றும். ஆனால் ஐம்பது பேர் ஹாலில் வரிசையாகப் படுத்து எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, வருடக்கணக்கில் இருந்துவிட்டால், ஒரு டீ போடுவதற்குக்கூடக் கை மறந்துபோகிறது. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு அம்மா, 55 வயது இருக்கும், முதல் வாரம் முழுக்க ஃபிரிட்ஜைத் திறக்க என்னிடம் அனுமதி கேட்டார். 'தண்ணி எடுத்துக்கவா?' ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் 'உங்க வீடும்மா' என்று சொல்வதுதான் என் வேலை. சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள் என்று விளையாட்டாகச் சொல்வோம்.

சென்னையில் இதற்கு முன்னோடி பான்யன் என்ற தொண்டு நிறுவனம். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கியது, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக. முகப்பேரில் 'அடைக்கலம்' என்று பெரிய இல்லமே நடத்தினார்கள். குணமான பல பேர் குடும்பத்துக்குத் திரும்பினார்கள், ஆனால் திரும்ப முடியாதவர்கள் இல்லத்திலேயே வருடக்கணக்கில் தங்கிப்போனார்கள். அதற்கு விடையாகத்தான் 2015-ல் 'ஹோம் அகெய்ன்' தொடங்கினார்கள். சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, நாலைந்து பேர், கூடத் துணைக்கு ஒரு பெண். பலகை கிடையாது, சீருடை கிடையாது. பால்காரர், கேபிள்காரர், பக்கத்து வீட்டு மாமி எல்லோரும் நேராக அவர்களிடம்தான் பேச வேண்டும்.

2017 மனநலச் சட்டம் ஒரு படி மேலே போய், குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டப் புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது, வீடுகள்தான் அந்த அளவுக்கு இல்லை.

பழசு அண்ணா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். தை என்பது யாருடைய கணக்கு? உங்களுடையதா, அவர்களுடைய ரிப்போர்ட்டுக்கான கணக்கா? இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சில இடங்களில் நிதி ஒரு வருடத்துக்குத்தான் வரும், அதனால் ஆளும் ஒரு வருடத்தில் 'சரியாகிவிட' வேண்டும். நான் பார்த்தவரை, தனியாகப் போன பிறகும் ஆறு மாதமாவது யாராவது வந்து போகிற வீடுகள்தான் நிற்கின்றன.

9. பனியில்_ஒரு_மதுரைக்காரன்

அண்ணே, நான் ஹெல்சிங்கியில் இருக்கேன். இங்கே பஸ் ஓட்டுகிறேன், இந்தத் துறைக்காரன் இல்லை, ஆனால் இந்த ஊரில் கேட்டதைச் சொல்கிறேன்.

பின்லாந்தில் வேற மாதிரி யோசித்தார்கள். காப்பகம், பிறகு கூட்டு வீடு, குடியை விட்டால் தனி வீடு என்று படி ஏறவைப்பதை விட்டுவிட்டு, முதலிலேயே சாவியைக் கொடுத்துவிடுவது. நியூயார்க்கில் 1992-ல் தொடங்கிய யோசனைதான், இவர்கள் 2008-ல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். அவரவர் பெயரில் வாடகை ஒப்பந்தம். குடியை விட்டுவிட்டு வா என்று நிபந்தனை கிடையாது. நம்ப மாட்டீர்கள், சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் பழைய விடுதி ஒன்றில் 250 படுக்கை இருந்ததாம். அதையே உடைத்து மாற்றி 2012-ல் 81 தனி வீடு ஆக்கிவிட்டார்கள், பணியாளர்கள் அதே கட்டடத்தில். 1987-ல் நாட்டில் 18,000 பேருக்கு மேல் வீடில்லாமல் இருந்தார்கள், 2022-ல் 4,000-க்கும் கீழே. 2024-ல் திரும்பக் கொஞ்சம் ஏறிவிட்டது, உதவித்தொகையில் கை வைத்தார்கள் என்று இங்கே பேச்சு.

இங்கே குளிரில் வெளியே படுத்தால் காலையில் பிணம்தான், அதனால் அரசாங்கத்துக்கும் வேற வழியில்லை என்பது என் அபிப்பிராயம்.

10. மாடிப்போர்ஷன்

மதுரைத் தம்பி, பின்லாந்து ஜனத்தொகை நம் சென்னையை விடக் குறைவு. அரசாங்கமே வீடு கட்டி வைத்திருக்கிறது. இங்கே என்னை மாதிரி ஆட்கள்தான் வீடு தர வேண்டும். அதனால் எங்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதைப் பற்றிப் பேசுங்கள்.

சாவிக்கொத்து அம்மா, ஒரு கேள்வி. உங்கள் வீடுகளுக்கு ஓனர்கள் எப்படிக் கொடுத்தார்கள்?

11. சாவிக்கொத்து

பத்து ஓனரிடம் கேட்டால் ஒருவர் தருவார். ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் வாடகை தேதி தவறாது, அது பெரிய பிளஸ். ராத்திரி எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பர் கொடுப்போம். மூன்று வருடத்தில் ஓனர்கள் அந்த நம்பரைக் கூப்பிட்டது இரண்டே தடவை. ஒரு தடவை தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்தது. இன்னொரு தடவை, எங்கள் வீட்டு அம்மாவுக்கு ரசம் நன்றாக வருகிறது, ஓனர் வீட்டில் விசேஷம், வைத்துத் தருவாரா என்று.

12. ஈரோட்டுத்_தங்கச்சி

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அண்ணன் இரண்டு தடவை இப்படி ஒரு வீட்டில் சேர்ந்து இரண்டு தடவையும் வெளியே போய்விட்டான். இரண்டாவது தடவை நல்ல வீடு, அவனுக்கென்று அறை, ஃபேன், வேளாவேளைக்குச் சாப்பாடு. நானே போய்ப் பார்த்தேன், புது வேட்டி எடுத்துக்கொடுத்தேன். ஐந்தாம் வாரம் போன் வருகிறது, ஆளைக் காணோம் என்று. கோயம்புத்தூர் ரயில் நிலையத்துக்கு வெளியே பழைய இடத்திலேயே இருந்தான். வேட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டான். ஏன்டா என்று கேட்டால் சிரிக்கிறான். அந்த இடத்து மேலாளர் 'இவங்களுக்கெல்லாம் எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்' என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

பழசு அண்ணா, நீங்கள் இருந்து பார்த்தவர். ஏன் போகிறார்கள்?

13. பாரிமுனை_பழசு

தங்கச்சி, உங்கள் அண்ணன் ஏன் போனார் என்று எனக்குத் தெரியாது. நான் ஏன் போகப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

இந்த வீட்டுக்கு வந்து இரண்டாம் மாதம். ராத்திரி 9 மணி, சாப்பிட்டாயிற்று, விளக்கை அணைத்தாயிற்று. அப்படி ஒரு அமைதி. பிளாட்பாரத்தில் பஸ் சத்தம், லாரி சத்தம், பக்கத்தில் நாலு பேர் பேசுகிற சத்தம் எல்லாம் கேட்டுக்கொண்டே தூங்கியவன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கூட்டாளி ஒருத்தன் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், சுக்குக் காப்பி வாங்கி வந்து ஊற்றினான். இங்கே எனக்குக் கட்டில் இருக்கிறது, அவன் இன்னும் அட்டையில். நான் மட்டும் தப்பித்து வந்துவிட்ட மாதிரி இருந்தது. அது ரொம்ப அரித்தது. குடிக்கக்கூட இல்லை, சும்மா அவனைப் பார்க்க வேண்டும் என்று 10 மணிக்குக் கிளம்பினேன். பஸ் ஏறிப் பாரிமுனை போய், விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

காலையில் திரும்பி வரும்போது வாசலில் சார். எனக்கு உயிரே இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். விதிப்படி ராத்திரி வெளியே தங்கக் கூடாது. அவர், 'சாப்பிட்டீங்களா? அடுத்த தடவை போறதுன்னா ஒரு போன் பண்ணிடுங்க, பெரியவர் தூங்கவே இல்லை' என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒரு தடவை அவனை இங்கே கூட்டிவந்து சாப்பாடு போட்டேன். வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 'பாத்ரூம்ல கொக்கி இருக்குடா' என்றான். அவனுக்கு அதுதான் பெரிய விஷயமாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது முதலில்.

உங்கள் அண்ணன் இருந்த இடத்தில் அவர் திரும்பி வந்தபோது என்ன சொன்னார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். கதவு திறந்திருந்ததா இல்லையா என்று.

14. ஈரோட்டுத்_தங்கச்சி

அவன் மறுநாளே திரும்பிப் போயிருக்கிறான் அண்ணா. இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன், அங்கே வேலை பார்த்த ஒரு அக்காவை. இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியாது.

15. சாவிக்கொத்து

இதனால்தான் நாங்கள் குறைந்தது ஒரு மாதம் இடத்தை யாருக்கும் தருவதில்லை. கணக்குப் பார்க்கிறவர்கள் காலி படுக்கைக்கு வாடகையா என்று கேட்பார்கள். ஒவ்வொரு வருடமும் இதே சண்டை.

தங்கச்சி, அண்ணன் இப்போது எங்கே?

16. ஈரோட்டுத்_தங்கச்சி

அதே இடத்தில்தான். சனிக்கிழமை போகிறேன். இந்தத் தடவை வேட்டி எடுத்துக்கொண்டு போகவில்லை, சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

17. பாரிமுனை_பழசு

(பன்னிரண்டு நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. சாவிக்கொத்து அம்மா சொன்ன கேள்வியைச் சாரிடம் கேட்டேன். தை யாருடைய கணக்கு என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'எங்க கணக்குதான்' என்று ஒத்துக்கொண்டார். மார்ச்சோடு இந்த வீட்டுக்கான பணம் முடிகிறதாம், புதுசாக வருமா என்று இன்னும் தெரியவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவில்லை, தெரியாமல் பயந்ததற்குத் தெரிந்தே பயப்படலாம் என்று இருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பெரியவருக்கு வயது 67, அவர் தனியாகப் போக மாட்டேன் என்கிறார். இன்னொரு தம்பிக்குத் தனியாகப் போக ஆசை, போகட்டும். நானும் பெரியவரும் சேர்ந்து ஒரு சின்ன வீடு பார்க்கிறோம், ஒரு ஹால், ஒரு சமையலறை. வாடகை 6,000-க்குள். என் சம்பளமும் அவருடைய முதியோர் உதவித்தொகையும் சேர்த்தால் ஓட்டலாம். ஒப்பந்தம் என் பெயரில். வாரத்துக்கு இரண்டு தடவை என்பதைப் பத்து நாளைக்கு ஒரு தடவையாகக் குறைத்து ஆறு மாதம் வந்து பார்ப்பதாகச் சார் எழுதியே கொடுத்திருக்கிறார். அட்வான்ஸ் மூன்று மாதம்தான் என்று வக்கீல் தம்பி சொன்னதை வைத்துப் பேசினோம். முதல் இரண்டு ஓனர் சிரித்தார்கள். மூன்றாவது ஓனரம்மா ஐந்து மாதம் கேட்டார், நாலுக்கு வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறோம்.

ஒரு சின்ன சந்தேகம். பூட்டு நாமே வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறார் அந்தம்மா. கடையில் இரண்டு சாவி பூட்டு, மூன்று சாவி பூட்டு இரண்டும் இருக்கிறது, 90 ரூபாய் வித்தியாசம். எனக்கு ஒன்று, பெரியவருக்கு ஒன்று. மூன்றாவது சாவியை ஓனரிடம் கொடுத்து வைக்க வேண்டுமா?

18. மாடிப்போர்ஷன்

வேண்டாம். ஓனராகவே சொல்கிறேன், கொடுக்காதீர்கள். உள்ளே வர வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். மூன்று சாவி பூட்டே வாங்குங்கள், மூன்றாவதை உங்கள் சாரிடம் கொடுங்கள். நாலு மாதத்திலிருந்து அந்தம்மா இறங்கவில்லை என்றால் இங்கே எழுதுங்கள். என் கீழ்ப் போர்ஷன் பங்குனியில் காலியாகிறது, வாடகை உங்கள் கணக்குக்குக் கொஞ்சம் கூட, பேசிக்கொள்ளலாம்.